செயலாளர் நாற்காலி: வேலூரில் காதுகேளாத பெரியவர்கள் சங்கம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேலூரில் காதுகேளாத பெரியவர்களுக்காக இயங்கும் ஒரு சங்கத்தின் கதை இது. சங்கத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உறுப்பினர்களைப் பொறுப்பாலோ, தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் சைகைப் பெயராலோ மட்டும் குறிக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

சங்கத்தின் கதையில் நிதி, கட்டடம், தையல் மெஷின், விளையாட்டு விழா எல்லாம் வந்துபோகின்றன. பழைய ஆட்களிடம் கேட்டால் அவற்றைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் பெரிய சண்டை, பெரிய மாற்றம் என்று எதை எடுத்தாலும் அது ஒரே இடத்தில் போய் முட்டுகிறது. அலுவலகத்துக்கும் உறுப்பினருக்கும் நடுவில் உட்காருவது யார் என்பதே அந்த இடம். சமூகப்பணி படிப்பவர்களுக்கு இந்தச் சங்கத்தைப் பரிந்துரைப்பதற்கு எனக்கு இருக்கும் காரணமும் அதுதான்.

பதிவுக்கு முன்னால்

தமிழ்நாட்டில் காதுகேளாத குழந்தைகளுக்கான பள்ளிகளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. பின்னர் சென்னையிலும் பிற ஊர்களிலும் பள்ளிகள் வந்தன. ஆனால் எல்லாம் குழந்தைகளுக்கானவை. பதினெட்டு வயதில் விடுதியை விட்டு வெளியே வரும் பிள்ளைக்கு அதற்குப் பிறகு போக இடமில்லை.

விடுதியை விட்டு வருவது என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காதுகேளாதோர் கல்வியில் சைகை கூடாது, பேச்சுப் பயிற்சிதான் வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தின் நிழல் உலகம் முழுக்க விழுந்தது, நம் பள்ளிகள் மேலும் விழுந்தது. வகுப்பில் உதட்டசைவைப் பார்க்கச் சொல்வார்கள், ‘ப’ சொல்லும்போது வாய்க்கு முன் பிடித்த காகிதம் அசைகிறதா என்று பார்ப்பார்கள். கையை எடுத்தால் ஸ்கேல் அடி. சைகை வளர்ந்தது விடுதிக் கூடத்திலும் குழாயடியிலும்தான். அந்தப் பிள்ளை சோளிங்கரிலோ போளூரிலோ உள்ள தன் கிராமத்துக்குத் திரும்பினால், அம்மாவுக்குத் தெரிந்த பத்து இருபது வீட்டுச் சைகையைத் தாண்டி யாரோடும் ஒரு முழு வாக்கியம் பேச முடியாது. படிப்பு முடிந்த அன்றே அவனுடைய மொழியும் ஊரில்லாமல் போய்விடும்.

அதனால்தான் கோட்டை மைதானம். பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடந்துபோகும் தூரம். எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், குடியாத்தம், ஆரணி பக்கமிருந்து பேருந்தில் வந்து கூடுவார்கள். அவர்களில் தையல்காரர்கள் உண்டு, தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் உண்டு, அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர்களும் பைண்டிங் செய்பவர்களும் உண்டு. காதுகேளாதோர் பள்ளிகளில் அந்நாளில் தையல், தச்சு, அச்சு வேலை, பைண்டிங் ஆகியவற்றைத்தான் கைத்தொழிலாகக் கற்றுக்கொடுத்தார்கள். மெஷின் சத்தம் அவர்களைத் தொந்தரவு செய்யாது என்பது முதலாளிகளின் கணக்கு. பிற்பாடு கம்ப்யூட்டர் வந்து ஈய எழுத்துப் பெட்டிகளை மூலையில் தள்ளியபோது முதலில் வேலை போனவர்களில் இவர்களும் இருந்தார்கள்.

மைதானத்தில் நடந்தது வெறும் அரட்டை என்று நினைக்க வேண்டாம். எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், ரேஷன் கடையில் புதிதாக என்ன கேட்கிறார்கள் என்றெல்லாம், காது கேட்கும் மனிதர்களுக்கு வானொலியிலும் திண்ணையிலும் கிடைக்கும் அத்தனை செய்தியும் இவர்களுக்கு வாரம் ஒருமுறை, ஒரே மாலையில் கிடைத்தது. இருட்டியதும் விளக்குக் கம்பத்தடிக்கு நகர்ந்துவிடுவார்கள். வெளிச்சம் இல்லாத இடத்தில் சைகையில் பேச முடியாது.

பெண்கள் அங்கே வரவில்லை. பழைய உறுப்பினர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப்போவார்கள், கேட்டால்தான் தலையாட்டுவார்கள்.

1989இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டானது. திருவண்ணாமலை, போளூர், ஆரணிக்காரர்களுக்கு மாவட்ட அலுவலகம் திருவண்ணாமலைக்குப் போனது. ஆனால் அவர்கள் கோட்டைக்கு வருவதை நிறுத்தவில்லை. மனு ஒரு ஊரில், பேச்சு ஒரு ஊரில் என்று ஆயிற்று.

ஏழு கையெழுத்து

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அரசு வேலையில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு, அதில் 1 விழுக்காடு காதுகேளாதோருக்கு. மைதானத்தில் இது பெரிய செய்தி. ஆனால் தனி ஆளாகப் போய்க் கேட்டால் கேட்பாரில்லை. லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் வேண்டும் என்று முடிவானது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி சங்கம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஏழு பேருக்குப் பஞ்சமில்லை. விண்ணப்பம் தயாரித்துக் கொடுத்த எழுத்தர் ஒரு யோசனை சொன்னார்: “செயலாளரா மட்டும் பேசத் தெரிஞ்ச ஆளைப் போடுங்க. இல்லன்னா ஒவ்வொரு ஆபீஸ்லயும் திருப்பி அனுப்புவாங்க.” சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னது அனுபவத்தில் வந்த பேச்சு. உறுப்பினர் ஒருவரின் அண்ணன், ஓய்வுபெற்ற எழுத்தர், செயலாளர் ஆனார். தலைவரும் பொருளாளரும் காதுகேளாதவர்கள்.

முதல் பத்தாண்டுகளில் அவர் செய்த வேலையைக் குறைத்துச் சொன்னால் அது அநியாயம். ரயில் சலுகையை எடுத்துக்கொள்வோம். அன்றைய ரயில்வே விதிப்படி காது கேளாமை, பேச இயலாமை இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால்தான் 50 விழுக்காடு சலுகை. பேச்சுப் பயிற்சியில் நான்கு சொல் உச்சரிக்கக் கற்றுக்கொண்ட ஒருவர் டாக்டர் முன்னால் பெருமையாக ‘வணக்கம்’ சொல்லிக் காட்டிவிட்டு, சான்றிதழில் ‘பேசுவார்’ என்று வாங்கிக்கொண்டு காட்பாடி நிலையத்தில் முழுக் கட்டணம் கொடுத்த கதை சங்கத்தில் இன்றும் ஓடுகிறது. செயலாளர் ஒவ்வொருவரையும் கூட்டிப்போய்ச் சான்றிதழைச் சரிசெய்து வாங்கினார். தையல் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் வாங்கிக்கொடுத்தார். ஒரு பள்ளி வகுப்பறையை ஞாயிறு மதியங்களுக்குக் கேட்டு வாங்கியதும் அவர்தான். நாலு சுவர் வந்ததும் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். சங்கத்தின் முகம் மாறியது அங்கேதான் என்பது என் கணிப்பு. சட்டத்தைவிட அந்த வகுப்பறை பெரிய காரணம்.

கூட்டத்தில் நடப்பதையெல்லாம் அவரே சைகையில் சொல்வார், அவரே தீர்மானமும் எழுதுவார். தம்பியோடு வளர்ந்தவர் என்பதால் வீட்டுச் சைகை அவருக்கு நன்றாக வரும். ஆனால் பள்ளி விடுதிகளில் வளர்ந்த சைகை மொழி அவருக்கு அரைகுறை. அதை அவர் ஒத்துக்கொண்டதில்லை.

தீர்மானப் புத்தகம்

2012இல் சங்கத்துக்குப் பெரிய நெருக்கடி. அது எப்படி வந்தது என்பதுதான் இந்த ஆய்வில் நான் அதிகம் யோசித்த பகுதி.

உறுப்பினர் ஒருவரின் மகள், காது கேட்கும் பெண், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஏதோ விண்ணப்பத்துக்காகத் தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவந்த அப்பாவிடமிருந்து வாங்கிப் புரட்டியிருக்கிறார். கட்டட நிதி சங்கத்தின் கணக்கிலிருந்து, காது கேட்பவர்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்த கூட்டுக் கணக்குக்குப் போகும் என்றும், வங்கியில் செயலாளர் ஒருவரே கையெழுத்திடலாம் என்றும் தீர்மானம் இருந்தது. கீழே முப்பதுக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். அப்பாவுடையதும் உண்டு. மகள் அதைச் சைகையில் சொன்னபோது அப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. அன்று அவருக்குப் புரிந்தது ‘கட்டடம் கட்டப்போகிறோம்’ என்பது மட்டும்தான்.

பணம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கதையைக் கேட்டதும் நாம் உடனே திருட்டைத் தேடுவோம். அறக்கட்டளை சேர்ந்தால் நிலம் கிடைக்கும் என்று செயலாளர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அவசரக் கூட்டத்தில் அவர் கேட்டது: “நான் என்ன உங்க காசையா தின்னேன்?” யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது வேறு. நாங்கள் கையெழுத்துப் போட்டது எதில் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

முப்பது பேர் படிக்காமலா கையெழுத்துப் போட்டார்கள் என்று வெளியாள் கேட்பார். பத்தாம் வகுப்புத் தேறியவர்களும் அதில் இருந்தார்கள். காதில் விழாத மொழியை எழுத்தில் மட்டும் கற்பது எவ்வளவு கடினம் என்பது இங்கேதான் தெரிகிறது. கேட்கும் குழந்தை ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும்போது ‘வீட்டுக்கு’, ‘வீட்டில்’, ‘வீட்டிலிருந்து’ என்று வேற்றுமைகளை எல்லாம் காதாலேயே கற்று முடித்திருக்கும். காதுகேளாத குழந்தைக்கு அந்த உருபுகள் ஒவ்வொன்றும் மனப்பாடம் செய்ய வேண்டிய பாரம். சைகை மொழியின் வாக்கிய அமைப்பும் வேறு. எப்போது என்பது முதலில் வரும், இல்லை என்பதும் கேள்விச் சொல்லும் கடைசியில் வரும். சங்கத்துக்கு வந்த ஒரு கடிதத்தில் ‘நேற்று நான் ஆபீஸ் போ, சார் பார்த்தேன் இல்லை, மறுபடி எப்போது’ என்று இருந்தது. ஆறறிவும் அதில் இருக்கிறது. ஆனால் ‘மேற்படி நிதியினை மேற்கண்டவாறு மாற்றம் செய்துகொள்ள ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்பதை அந்த ஆளிடம் நீட்டினால் கையெழுத்துத்தான் வரும், சம்மதம் வராது. அந்த நடையை நம்மில் எத்தனை பேர் ஒழுங்காகப் படித்துப் பார்க்கிறோம் என்பது வேறு விஷயம்.

கூட்டம் மாலை ஆறரைக்கு வாக்கெடுப்பு வரை வந்தபோது கரண்ட் போனது. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டு அது. காது கேட்பவர்கள் கூட்டமாக இருந்தால் இருட்டிலும் கத்திச் சண்டையை முடித்திருப்பார்கள். இங்கே வகுப்பறை முழுக்கப் பேச்சு நின்றது. செல்போன் வெளிச்சத்தை முகத்தில் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு பேராகப் பேசிப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். வாக்கெடுப்பு அடுத்த ஞாயிறுக்குப் போனது.

அந்த ஒரு வாரம்தான் முடிவை மாற்றியது. அன்றே வாக்கெடுத்திருந்தால் கூட்டுக் கணக்கை ரத்து செய்துவிட்டு அதே செயலாளர் தொடர்ந்திருப்பார். பெரும்பாலோருக்கு அவர்மேல் மரியாதை இருந்தது. இடைப்பட்ட நாட்களில் இளைஞர்கள் ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் போய் வீடுவீடாகப் பேசினார்கள். காதுகேளாதோருக்கான அமெரிக்காவின் கேலடெட் பல்கலைக்கழகத்தில் 1988இல் மாணவர்கள் போராடி, 1864இல் அந்தக் கல்லூரி தொடங்கியதிலிருந்து முதல்முறையாகக் காதுகேளாத ஒருவரைத் தலைவராக்கிய செய்தி, சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் வழியாக அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அங்கே 124 ஆண்டு, நமக்கு எத்தனை என்று கேட்டார்களாம். அடுத்த ஞாயிறு, மீசையை முறுக்கும் சைகையால் அறியப்படும் தையல்காரர் ஒருவர் செயலாளர் ஆனார். பழைய செயலாளருக்கு ஆலோசகர் பதவி கொடுத்தார்கள். அவர் இரண்டு கூட்டத்துக்கு வந்தார், பிறகு வரவில்லை. அவர் தம்பி மட்டும் இன்றும் வருகிறார்.

மாற்றத்தின் விலை

காதுகேளாதவரே செயலாளர் ஆனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. பதிவு விண்ணப்பம் தயாரித்த எழுத்தர் அன்று எச்சரித்தபடியே அலுவலகங்களில் “கூட யாரும் பேசுறவங்க வரலையா?” என்ற கேள்வி எழுந்தது. நன்கொடை தந்துவந்த சிலர் பழைய செயலாளரின் நண்பர்கள், அவர்கள் நின்றுகொண்டார்கள். நில முயற்சி அத்தோடு போயிற்று. சங்கத்துக்கு இன்றுவரை சொந்தக் கட்டடம் கிடையாது. அந்த இழப்பை இளைஞர்கள் ஒத்துக்கொள்வதில்லை, பெரியவர்கள் மறப்பதில்லை. இரண்டு பேரோடும் பேசிய பிறகும், முடிவு சரி என்றே நினைக்கிறேன். விலை கொஞ்சமாக இருந்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அவர்கள் செய்த சீர்திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தீர்மான முறை. இப்போது எந்தத் தீர்மானமும் முதலில் சைகையில் சொல்லப்பட்டு செல்போனில் பதிவாகிறது. கூட்டம் அந்த வீடியோவைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அதைத் தமிழில் எழுதுகிறார்கள். எழுதியதை மொழிபெயர்ப்பாளர் வாசித்துத் திரும்பவும் சைகையில் சொல்கிறார், இரண்டும் ஒத்துப்போனால் கையெழுத்து. பதிவாளருக்குப் போவது காகிதம்தான், ஆனால் சங்கத்துக்குள் மூலம் வீடியோ. மொழிபெயர்ப்பாளருக்கு வாக்கில்லை, பொறுப்பில்லை, கூட்டத்தில் தன் கருத்தைச் சொல்லவும் கூடாது. தீர்மானப் புத்தகத்தைப் படித்துக் காட்டிய அந்த மகள்தான் முதல் மொழிபெயர்ப்பாளர். சங்கத்தின் போக்கையே மாற்றியவர் அதில் வாய் திறக்கக் கூடாது என்பதை அவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

பிள்ளைகள் மொழிபெயர்ப்பதில் சங்கம் கடுமையான நிலை எடுத்ததும் அவரால்தான். பத்து வயதில் அம்மாவோடு ஒரு மருத்துவமனைக்குப் போய், கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அம்மாவுக்குச் சைகையில் சொன்னவர் அவர். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மருத்துவமனைக்கோ காவல் நிலையத்துக்கோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போகக் கூடாது என்பது இப்போது சங்க விதி. விதி இருக்கிறது. அவசரத்துக்கு ராத்திரி பதினோரு மணிக்கு யார் வருவார்கள் என்பதற்குப் பதில் இன்னும் சரியாக இல்லை.

காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சட்டம் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவு 2013இல் திருத்தப்பட்டது; 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தில் அது 125ஆம் பிரிவு. பேச இயலாத சாட்சி சைகையில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பதிவுசெய்து, அதை வீடியோ எடுக்க வேண்டும். அந்தப் பிரிவின் தமிழாக்கத்தை லேமினேட் செய்து பையிலேயே வைத்திருக்கிறார் மீசை. ஓட்டுநர் உரிமத்திலும் சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2011இல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு காதுகேளாதவர் உரிமம் பெற வழி திறந்தது. அதற்கு முன்னும் வேலூரில் பல உறுப்பினர்கள் வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், பாவம், வளைவு வளைவாகப் போலீஸைத் தேடிக்கொண்டு.

பிற்பாடு காது கேளாமல் போனவர்கள்

ராணிப்பேட்டைப் பக்கம் பாய்லர் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் ஒருநாள் கூட்டத்துக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் கேட்கும் திறன் படிப்படியாகப் போய்விட்டது. நன்றாகப் பேசுவார், நாளிதழை வரிவிடாமல் படிப்பார், சைகை ஒன்றும் தெரியாது. சங்கத்தில் எல்லோரும் கையால் பேச, அவர் மட்டும் நடுவில் விழித்துக்கொண்டிருந்தார். வீட்டில் கேட்பவர்கள் நடுவில் எப்படியோ, அப்படியே இங்கும்.

சங்கம் இதற்குத் தயாராக இல்லை. அமெரிக்காவில் 1987இல் சிகாகோவில் இப்படிப் பெரியவர்களான பின் காது போனவர்களுக்கென்றே ஒரு தனிச் சங்கம் தொடங்கினார்கள். அவர்களுடைய தேவை வேறு என்பதை அங்கே உள்ளவர்கள் கண்டுகொண்டார்கள். பேச்சு மொழி கையில் இருக்கிறது, உலகம்தான் கைவிட்டுப்போகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பைக் காதுகேளாமை என்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) எடுத்தால் இவருக்கும் மீசைக்கும் ஒரே மாதிரிக் கோடு வரலாம். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொள்ள ஒரு சிலேட்டு வேண்டும். முதல் ஆண்டு சிலேட்டுத்தான். 2019இல் பேச்சை எழுத்தாக்கும் கூகுள் செயலி வந்தபின், அதைத் தமிழில் ஓடவிட்ட போனை, சைகையைப் பேச்சாகச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் முன் வைக்கிறார்கள். வேலூர்ப் பேச்சை அது அவ்வப்போது விபரீதமாக எழுதும், அதைப் படித்து பாய்லர்காரர் சிரிப்பார். இன்று இப்படிப்பட்டவர்கள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். பழைய உறுப்பினர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ‘பேசத் தெரிந்தவர்கள் மறுபடி உள்ளே வருகிறார்கள்’ என்பது அவர்கள் பயம். பழைய காயம் அப்படி.

போன், முகக்கவசம், மூன்று மாவட்டம்

2016இல் இணையம் மலிவானதும் வீடியோ கால் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. கோட்டைக்கு வரும் கூட்டம் பாதியாகக் குறைந்தது. பழையவர்கள் வருத்தப்படுகிறார்கள். பெண்களைக் கேட்டால் வேறு பதில். வாரம் ஒருமுறை வெளியே போக அனுமதி கேட்க வேண்டியிருந்தவர்கள் இப்போது தினமும் பேசுகிறார்கள். 2018இல் டெல்லியிலிருந்து 3,000 சொற்களோடு வந்து, 2021இல் 10,000 ஆக வளர்ந்த இந்தியச் சைகை மொழி அகராதியின் வீடியோக்களையும் இளைஞர்கள் போனில்தான் பார்க்கிறார்கள். அதனால் ஒரே வீட்டில் அப்பா பள்ளி விடுதிச் சைகையும் மகன் டெல்லிச் சைகையும் பேசும் நிலை வந்திருக்கிறது.

2020இல் முகக்கவசம் வந்தபோது உதட்டைப் பார்த்துப் பிழைத்தவர்கள் தவித்தார்கள். சைகைக்கும் பாதி இலக்கணம் முகத்தில்தான் இருக்கிறது. கேள்வியா, மறுப்பா என்பதைப் புருவமும் வாயும் சொல்லும்.

அதற்கு முந்தைய நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடி உறுப்பினர்களுக்கு இனி திருப்பத்தூர் அலுவலகம், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்துக்கு ராணிப்பேட்டை. தனித்தனிச் சங்கம் வேண்டும் என்ற பேச்சு உடனே கிளம்பியது. மாவட்டப் பெயரில் லெட்டர்பேடு இருந்தால்தான் அந்தந்த அலுவலகம் மதிக்கும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் மூன்று சங்கத்துக்கு மூன்று மொழிபெயர்ப்பாளர் எங்கே? பயிற்சி பெற்ற, நம்பகமான இருவர்தான் மொத்தப் பகுதிக்கும் இருக்கிறார்கள். கடைசியில் பதிவு ஒன்றாகவே தொடர, மூன்று மாவட்டத்துக்கும் மூன்று கிளை என்று முடிந்தது.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் மூன்று கலெக்டர் அலுவலகங்களிலும் ஒரே நேரத்தில் நடக்கிறது. மூன்றிலும் அரசுச் செலவில் சைகை மொழிபெயர்ப்பாளர் அமர வேண்டும் என்று சங்கம் மனு கொடுத்திருக்கிறது. பதில் வரும்வரை இருவரும் வாரம் மாற்றி இரண்டு ஊருக்குப் போகிறார்கள், மூன்றாவது ஊருக்கு வீடியோ கால். பேருந்துக் கட்டணமும் நாள் சம்பளமும் சங்கத்தின் சந்தாவிலிருந்து. சந்தாவை உயர்த்தலாமா என்ற தீர்மானம் சென்ற கூட்டத்தில் வீடியோவில் பதிவானது. எழுதும்போது தொகையில் கருத்து வேறுபாடு வந்ததால் இன்னும் கையெழுத்தாகவில்லை.